சாரைதான், கடிக்காது

செருப்புக்குள் கால் விட்ட சூரியபிரகாஷ் கூரை அதிரக் கத்தினார்.

"ஏ கிருபா! உள்ள ஏதோ மெத்துன்னு இருக்கு!"

கிருபாவதி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து செருப்பைக் கவிழ்த்தாள். ஒரு தேரை விழுந்தது. இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவகாசமாகத் தத்தித் தோட்டத்துக்குள் போனது.

"வந்துருச்சுங்க! தானா வந்துருச்சு!"

"எனக்கு உசுரே போகத் தெரிஞ்சது. நீ ஆரத்தி எடுப்ப போலயே."

எடுத்திருப்பாள்தான். வயலில் திராட்சைக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தையெல்லாம் அவர் இத்தனை வருஷம் வீட்டுக் கொல்லையில்தான் தெளித்தார். ஒரு வண்ணத்துப்பூச்சிகூட எட்டிப்பார்த்ததில்லை. சண்டை போட்டு அதை நிறுத்தி, சோறு வடிக்கிற அலுமினிய அன்னக்கூடையை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றி, சருகு குவித்து, விறகு அடுக்கிவிட்டு, ஏதாவது உயிர் வந்து குடியேறாதா என்று காத்திருந்தாள். அந்த வீட்டில் திரைச்சீலை முதல் அவள் வரை எல்லாமே யாரோ பார்த்து, பேசி முடித்து, கொண்டுவந்தவை. தன் விருப்பத்துக்கு வந்த முதல் உயிர் அந்தத் தேரைதான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

சூரியபிரகாஷுக்கு அந்த இடத்தில் சிமெண்டு போட்டு, வாழைத்தார் ஏற்றும் வண்டியை நிறுத்த வேண்டும். வாழை மண்டியிலிருந்து வந்ததும் தினமும் அதே பேச்சுதான்.

"வெளக்குக்குப் பூச்சி வருது, பூச்சிக்குத் தேரை வருது," என்றார்.

கொல்லை விளக்கை அணைத்துவைத்தாள். அன்று பொழுது சாய்ந்ததும் அவர் நேராக அன்னக்கூடைக்குள் கால் வைத்தார்.

வழியில் இடைஞ்சல் வேண்டாம் என்று விறகை அள்ளித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாற்றினாள். அடியில் குடியிருந்த எலிகள் கலைந்து, நேரே வீட்டில் சாக்கு அடுக்கியிருந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தன.

அவர் எலி மருந்து வாங்கி வந்தார். அவள் பிடுங்கி ஒளித்துவைத்தாள்.

"மருந்து தின்ன எலியத் தின்னா ஆந்தை செத்துரும்."

"எந்த ஆந்தை?"

"வரப்போற ஆந்தை."

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் சிரித்த சத்தம் கேட்டது. அதில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எலி இருந்தா பாம்பு வரும் ஆத்தா. வந்தா என்ன செய்வ?"

"வந்தா நீங்க சிமெண்டு போட்டுக்கங்க!"

வாய் தவறிவிட்டது. சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகமோ சட்டென்று மலர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் துணி துவைக்கப் போனவள் பார்த்தாள். விறகு இடுக்குக்குள் ஒரு வால் நழுவி மறைந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் புல்லரித்தது. தேரையைத் தேடி வந்ததோ, எலியைத் தேடி வந்ததோ, தன் தோட்டத்தைத் தேடி வந்துவிட்டதே! அதற்குப் பிறகுதான் தன் வாக்கு ஞாபகம் வந்தது.

"என்னங்க... பாம்பு."

குளியலறையில் பல்லியைப் பார்த்தாலே துண்டோடு ஓடி வருகிற மனுஷன், நாற்காலியைத் தூக்கி வந்து விறகை ஒட்டிப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"சாரைதான், கடிக்காது."

"வாலத்தான பாத்தேன், மொகத்த யாரு பாத்தா? தள்ளி உக்காருங்க!"

"சாரைங்கிறேன்ல." வெறுங்காலால் விறகை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே புஸ்ஸென்று சீறியது. "பாரு, பேசுது."

சந்தனம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "தம்பிக்கு இம்புட்டுத் தைரியமா! இத்தன நாளு எங்கன வச்சிருந்தாக?"

கிருபாவதிக்கும் அதே ஆச்சரியம்தான். இப்படி ஒருத்தரோடா இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தினோம் என்று, அந்தப் பதற்றத்திலும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"தேவாரம் ஊருல பாம்பு பிடிக்கிற ஏசுதாசன் இருக்காகல்ல, கூப்பிடவா?"

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி காப்பி போடு. நாளைக்குக் கொத்தனார் வாராக."

தேரை எங்கே போகும், எலியைத் தேடி வரப்போகிற ஆந்தை எங்கே உட்காரும் என்று நினைத்தபடியே அவள் காப்பி கலந்தாள். கண் கலங்கியதில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்தது. பின்வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தம்ளரோடு கதவருகே வந்தாள்.

கையில் நெளியும் சாக்குப் பையோடு உள்ளே வந்த ஏசுதாசன், அவளைக் கவனிக்காமல், நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம் குனிந்தார்.

"கோவிச்சுக்கிராதீகண்ணே, வண்டி மக்கர் பண்ணிருச்சு. அக்காவப் பயங்காட்ட விடச் சொன்னீகளே ஒரு சாரை, இப்பத்தான் கொண்டாந்தேன். எங்கன விட?"