ஒற்றைக்காலில் கிடைத்த டவர்

மிஸ்டு கால் கொடுத்தே மாமனாரைக் காட்டுக்கு வரவழைத்த ஒரே மாப்பிள்ளை நான்தான். இதைச் சொல்லும்போது இன்றும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

அப்போது தாம்பரத்தில் ஒரு செல்போன் கம்பெனிக்கு சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தேன். (விசிட்டிங் கார்டில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று இருக்கும். ரோட்டோரக் குடைக்குக் கீழே நிற்கும் எக்ஸிக்யூட்டிவ்.) ஊரப்பாக்கத்தில் பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா இழுத்துக்கொண்டே இருந்தார்.

"சிம் கார்டு விக்கறதெல்லாம் ஒரு வேலையா தம்பி?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? அடுத்த வாரம் ஆபீஸ்ல வால்பாறைப் பக்கம் காட்டுக்குப் போறோம். அங்கேருந்தே உங்களுக்கு ரிங் விடறேன், பாருங்க. எங்க டவர் இல்லாத இடமே கிடையாது!"

ரோமிங்கில் பேசினால் என் சம்பளம் தாங்காது. எனவே ஊர் வழக்கப்படி ஒப்பந்தம்: அவர் வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு மிஸ்டு கால் வந்தால் நலம். அடுத்தடுத்து வந்தால் ஆபத்து.

காட்டு பங்களாவில் டவர் அறவே இல்லை. "அந்தப் பாறை மேல ஏறினா எப்பவாச்சும் வருமுங்க" என்றார் சமையல்காரர். ஏறினேன். வலது கையை உயர்த்தி, இடது காலை மடக்கி நின்றால் ஒரே ஒரு கோடு வந்தது. காலை ஊன்றினால் போனது. (காரணம் கேட்காதீர்கள். நான் விற்பவன் மட்டுமே.)

போன் உயரத்தில், காது கீழே. ரிங் போனதா என்று எப்படித் தெரியும்? கட் ஆனது மட்டும் தெரிந்தது. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினேன். மறுபடியும். சாயங்காலம் முழுக்க அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஊரப்பாக்கத்தில் மணி ஒருமுறை அடித்து அடங்கியிருக்கிறது. அவர்கள் திருப்பி அழைத்தால், நான் தொடர்பு எல்லைக்கு வெளியே!

மறுநாள் மதியம் நான் அதே பாறையில் அதே தவத்தில் இருந்தபோது, என் ஆபீஸில் இடம் விசாரித்துக்கொண்டு ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும் அண்ணனும் இறங்கினார்கள். அப்பாவின் கையில் பை நிறைய பேண்டேஜ்.

"இவருக்கு என்னய்யா ஆச்சு?" என்று சமையல்காரரைக் கேட்டார் அப்பா.

"ஒண்ணும் ஆகலீங்க. நேத்துலேருந்து இப்படித்தான் நிக்கறாரு. குரங்குங்ககூடப் பயந்து அந்தப் பக்கம் வர்றதில்ல" என்றார் சமையல்காரர்.

போச்சு, கல்யாணம் அம்பேல் என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா மூச்சிரைக்கப் பாறை ஏறி வந்து போனைப் பிடுங்கினார். "வீட்ல அழுதுட்டிருக்காய்யா எம் பொண்ணு. எங்கய்யா உங்க டவர்?"

கீழேயிருந்து அண்ணன் கத்தினான்: "அப்பா, காலைத் தூக்குங்க!"

தூக்கினார். கோடு வந்தது. அவர் வீட்டு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டேன். அவர் மகள் எடுத்தாள்.

"அழாதேம்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றார் ஒற்றைக்காலில், என் தோளைப் பிடித்தபடி. "ஒரு ரிங்குக்கே இப்படி நிக்கற மனுஷன், உன்னை அம்போன்னு விடமாட்டாரு. நாள் குறிச்சுடலாம்." (ரோமிங் என் கணக்கில்.)

தாலி கட்டும்போதே மச்சான் காதோரம் வந்து, "மாப்ளே, டவர் இருக்கா?" என்றான். இன்றும் சேலையூர் வீட்டில் நெட் போனால் யாரும் கம்பெனிக்குப் புகார் செய்வதில்லை. "அப்பா, மொட்டை மாடிக்குப் போய்க் காலைத் தூக்கு" என்கிறாள் என் மகள்.

போய்த் தூக்குகிறேன். பல சமயம் வந்துவிடுகிறது.