மறந்துபோன அளவு

பொட்டலத்தைப் பிரித்து லூப்பே அந்த உடுப்பை உதறிப் பிடித்ததுதான் தாமதம், சின்யோரா இனெஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். கெட்டது எதையாவது பார்த்துவிட்டால் உடனே இரும்பைத் தொட வேண்டும் அவருக்கு.

"ஊதா," என்றார். "என் வீட்டுக்குள்ள ஊதா."

"எங்க அம்மா தைச்சது, சின்யோரா. சனிக்கிழமை தியேட்டர்ல இதைப் போட்டுக்கிட்டுத்தான் பாடப்போறேன்."

"அதுக்குத் தியேட்டரையே கொளுத்திடு, கண்ணு. வேலை சீக்கிரம் முடியும்."

இனெஸ் ஓய்வு பெறும் வரை அந்த ஊர் தியேட்டரில் கூட்டுப்பாடகியாக இருந்தவர். இத்தாலியில் பார்மாவுக்குப் பக்கத்தில் சின்ன ஊர், சின்னத் தியேட்டர். ஆனால் அவருடைய பயங்களில் மட்டும் ஒன்றும் சின்னது கிடையாது.

"நோன்பு காலத்துல பாதிரிமாருங்க ஊதா அங்கி போடுவாங்க. அந்தக் காலத்துல அந்த நாப்பது நாளும் தியேட்டரைப் பூட்டிடுவாங்க, கூலி கிடையாது. எங்க பாட்டன் பூட்டனெல்லாம் பட்டினி கிடந்த கலர் இது. மேடைக்கு ஆகாது."

லூப்பேக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பசிபிக் தீவான சமோவாவிலிருந்து பாட்டுப் படிக்க வந்து, இனெஸ் வீட்டில் தங்கி மூன்று வருஷம் ஆகிறது. விமான டிக்கெட் விலையைக் கேட்கும்போதெல்லாம் ஊர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். சனிக்கிழமை தியேட்டர் மேடையில் கடைசிப் பரீட்சை. அம்மாதான் வர முடியாது, அம்மாவின் கை பட்டதாவது மேடைக்கு வரட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

அறைக்குள் போய் உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். மேல்சட்டைக்குள் இன்னொரு லூப்பே தாராளமாகக் குடியிருக்கலாம். பாவாடை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

அவள் அம்மா அளவு நாடாவைத் தொட்டதே இல்லை. முதுகில் கையை வைத்துச் சாண் போடுவாள், அவ்வளவுதான். அந்தக் கையா தப்பியது? லூப்பே கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு என் அளவு மறந்துபோச்சு, சின்யோரா."

"பாஸ்தா தின்னு பெருத்திருப்பேன்னு நினைச்சிருப்பாங்க."

"குட்டையாவுமா ஆயிருப்பேன்?"

கொஞ்ச நாளாகவே லூப்பேக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா தன்னைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. "வீட்டுக்காரம்மா எங்கே? எழுந்து நிக்கச் சொல்லு. அப்படியே திரும்பச் சொல்லு, நல்லா இருக்காங்களான்னு பாக்கறேன்," என்பாள். இனெஸும் மேடையில் நிற்கிற மாதிரி பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றுவார். ஃபோனைப் பிடித்திருக்கும் லூப்பேக்குத் தன் கைதான் வலிக்கும்.

இனெஸ் கம்பியை விட்டுவிட்டு வந்து அவள் தலையைத் தடவினார். "அழாதே. கறுப்புச் சாயம் போட்டுடலாம். கறுப்பு மரியாதையான கலர்."

பாஸ்தா வேகவைக்கும் பெரிய பானையில் சாயம் கொதித்தது. உடுப்பை வெளியே எடுத்தபோது ஊதா கொஞ்சமும் அசையவில்லை. அதிலிருந்த வெள்ளைச் செம்பருத்திப் பூக்கள் மட்டும் ஊதாவாகியிருந்தன. அன்று மத்தியானம் அதே பானையில் வெந்த பாஸ்தாவும் அந்த நிறத்தில்தான் வந்தது. இனெஸ் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டார்.

"என்னோட பழைய கறுப்பு உடுப்பு இருக்கு. அதைப் போட்டுக்கோயேன்," என்றார்.

"இதுல அம்மா கை இருக்கு, சின்யோரா. தையலைத் தடவிப் பாத்தா தெரியுது. மூணு வருஷமா எனக்கு அந்தக் கை கிடைக்கல."

இனெஸ் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பிறகு கத்தரியை எடுத்தார்.

"கத்தரியும் இரும்புதான். தொட்டுக்கிட்டே இருக்கலாம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இரண்டு பக்கமும் தாராளமாக வெட்டினார். வெட்டிய துணியைப் பாவாடையின் அடியில் ஒட்டுப்போட்டு நீளமாக்கினார். இப்போது உடுப்பு லூப்பேயின் உடம்போடு கச்சிதமாகப் பொருந்தி, தரைவரை ஒரே ஊதாவாக இறங்கியது.

ஒத்திகையில் அதைப் பார்த்த பியானோக்காரர் கொர்ராதோ சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் வாசிக்க மாட்டேன்."

"கண்ணை மூடிக்கிட்டு வாசிங்க, மாயெஸ்ட்ரோ," என்றார் இனெஸ்.

"கண்ணை மூடினா ஊதா போயிடுமா? நீங்களே இதுக்குத் துணை போறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

லூப்பே அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். உடுப்பு இன்னும் சரியாகக் காயவில்லை. அவள் கையை விட்டபோது கொர்ராதோவின் வெள்ளைச் சட்டைக் கையில் ஐந்து விரலும் ஊதாவாகப் பதிந்திருந்தன. அவர் அதைத் துடைக்கப் போய்ச் சட்டையின் மார்பிலும் ஈஷிக்கொண்டார்.

இனெஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து. உக்காந்து வாசிங்க."

கொர்ராதோ வாசித்தார். சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசித்தார். தப்பில்லாமல் முடிந்ததும், பரீட்சைக்கும் சாவியோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் லூப்பேக்குச் சந்தோஷம் தங்கவில்லை. உடுப்பு வந்ததைச் சொல்ல வியாழக்கிழமையிலிருந்தே கூப்பிடுகிறாள், அம்மா ஃபோனை எடுக்கவேயில்லை. வெள்ளிக்கிழமையும் எடுக்கவில்லை. என் அளவு மறந்தது போலப் பரீட்சையும் மறந்துவிட்டதா என்று நினைத்து, மறுபடியும் அந்த எண்ணையே அழுத்தினாள்.

சனிக்கிழமை சாயங்காலம், மேடைக்குப் பக்கத்து இருட்டில், இனெஸ் வாயில் குண்டூசிகளோடு மண்டிபோட்டுப் பாவாடை ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். தியேட்டர் காவலுக்கு நின்ற தீயணைப்புக்காரர் ஒருவர் லூப்பேயைப் பார்த்துவிட்டுத் தன் கோடாலியைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தார். உள்ளே கூட்டம் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அப்போது ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா சிலிஃபா, வீடியோவில்.

"அம்மா எங்கக்கா? ரெண்டு நாளா கூப்பிடறேன். ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?"

சிலிஃபா முகத்தை ஃபோனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"என்னடி போட்டிருக்கே?"

"அம்மா தைச்சு அனுப்பினதுதான். அளவு ரொம்பப் பெருசு. வெட்டிச் சின்னதாக்கிட்டோம். கலரும் ஆகாதுன்னாங்க, அதனால சாயம் போட்டோம். பரவாயில்லக்கா. அவங்களுக்கு என்னை மறந்துபோனாலும் நான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் பாடுவேன்."

"வெட்டிட்டியா?"

"சின்யோராதான் வெட்டினாங்க."

சிலிஃபா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இனெஸ் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "என்ன சொல்றாங்க?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"அடிப்பாவி, பிள்ளையை வச்சுப் பாத்துக்கிறவங்களுக்குத்தானே நம்மூர்ல முதல் உடுப்பு, அதுகூடவா உனக்கு மறந்துபோச்சு?" என்றாள் சிலிஃபா. "அது வீட்டுக்காரம்மாவுக்குத் தைச்சதுடி. உன்னுதை எடுத்துக்கிட்டு அம்மா வியாழக்கிழமையே பிளேன் ஏறிட்டாங்க, இந்நேரம் தியேட்டர் வாசல்ல நின்னு, ஊதா உடுப்புல ஒரு குண்டம்மா வர்றாங்களான்னு பாத்துக்கிட்டிருப்பாங்க."