ஒஹானாவின் முழங்கால்

அவளுக்கு மட்டும் முழங்கால் வலிக்காதா?

ஒரு வாரமாகக் கெங்கம்மாவின் மனத்தில் இந்த ஒரு கேள்விதான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால், வலிக்காது என்று பதில் வரும். ஏன் வலிக்காது என்ற விளக்கமும் கூடவே வரும்.

"மண்டி போட்டுதான் சோறு வெப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தான் வேலப்பன். எதிரே தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "நின்னுகினு வெச்சா அந்த ஊர்ல மருவாதி இல்ல. கதவே காயிதத்துல செஞ்சது கெங்கா. அத்த ஓசப்படாம தள்ளிட்டு வருவா. ஒரு கையால இன்னொரு கையில தொங்கற சட்டத் துணிய புடிச்சிகினு ஒவ்வொரு கிண்ணியா வெப்பா. ஒஹானா வந்துட்டுப் போனா காத்து வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்."

"சோறு ஆறுது," என்றாள் கெங்கம்மா.

வண்ணாரப்பேட்டையில் மதார் சாகிப்பின் ஜவுளிக்கடையில் துணியின் தரம் பார்க்கிறவன் வேலப்பன். ஜப்பான் பட்டை நேராக அங்கேயே போய் வாங்கினால் நாலு காசு மிஞ்சும் என்று சாகிப் கப்பலேறியபோது, துணியைத் தொட்டுப் பார்க்க இவனையும் அழைத்துப் போனார். போன இடமெல்லாம் பெரிய பெரிய ஓட்டல்களில் விருந்து. சாகிப் ஒன்றையும் தொடவில்லை. மார்க்கத்துக்கு ஆகாதது எதில் கலந்திருக்குமோ என்ற பயம். தங்கின அறையில் பருப்பும் சோறும் பொங்கிக்கொண்டார். விருந்து வைத்தவர்கள் மனம் நோகக் கூடாதே! முதலாளிக்குப் பதிலாக வேலப்பன் சாப்பிட்டான்.

கொழும்பு ஓட்டலில் தட்டுக்கு இரண்டு பக்கமும் கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக வைத்திருந்த கதையை ஊர் திரும்பின புதிதில் ஒரே ஒரு நாள் சொன்னான். சிங்கப்பூர் ஓட்டலை இரண்டு நாளில் முடித்துவிட்டான். ஜப்பானில் கோபே துறைமுகத்து ஓட்டலும் அங்கே பரிமாறின ஒஹானாவும் வந்ததும் பேச்சு அங்கேயே நங்கூரம் போட்டுவிட்டது.

பொறாமை என்பது தெருக்குழாயடியில் சண்டை போடுகிறவர்களின் சாமான் என்றுதான் கெங்கம்மா அதுவரை நினைத்திருந்தாள். தன் வீட்டுக்குள்ளும் அது வரும், வந்தால் அடுப்படியில்தான் உட்காரும் என்று தெரிந்திருக்கவில்லை. கண்ணால் காணாத ஒருத்தியின் கழுத்து எப்படி இருக்கும், எப்படிச் சிரிப்பாள் என்றெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். சொந்தத் தங்கையை அவள் இவ்வளவு நினைத்ததில்லை.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு நாள் அவன், "நாங்க கெளம்பற அன்னிக்கி அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சி," என்றான். சொன்னவன் சட்டென்று பேச்சை மாற்றிக்கொண்டான்.

எந்த ஓட்டல்காரி, சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்காகக் கண் கலங்குவாள்?

இப்போது சாகிப் மறுபடியும் கோபே போகிறார். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்த வேலப்பன், வீட்டில் கேட்கவே இல்லை. கெங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே பக்கத்து வீட்டு மலர்க்கொடி சொல்லித்தான். ஞாயிற்றுக்கிழமை சாகிப்பே வீட்டுக்கு வந்து கேட்கப் போகிறாராம். போகாதே என்று தடுத்தால், உடம்பு ராயபுரத்தில் நிற்கும், மனசு கப்பலேறிவிடும். அங்கே கிடைத்ததை இங்கேயே கொடுத்து, அவனாகப் போக வேண்டாம் என்று நினைக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

அன்றே அவள் மண்டி போட்டுப் பரிமாறினாள்.

செங்கல் தரையில் முழங்காலை ஊன்றி, இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கரண்டியோடு முன்னால் குனிந்தாள். புடவை முழங்காலுக்கடியில் மாட்டியிருந்தது. குனிந்த உடம்பு பாதியில் நின்றது. கரண்டி நிற்கவில்லை. மீன் குழம்பு முழுக்க வேலப்பனின் மடியில்.

"இன்னாமே, சுடுதுமே!" என்று குதித்தான் வேலப்பன்.

அவன் குதித்துவிட்டான். அவளால்தான் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அவன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, சத்தம் கேட்டு வந்த மலர்க்கொடி இன்னொரு கையைப் பிடிக்க, நெல் மூட்டையைப் போல அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"ஒஹானா எழுந்துக்கும்போது..." என்று தொடங்கினான் வேலப்பன்.

"தெரியும். காத்து எழுந்துக்கற மாதிரி இருக்கும்."

"யாருக்கா அது ஒஹானா?" என்றாள் மலர்க்கொடி.

முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொள்ளும்போது கெங்கம்மா மனசுக்குள் ஒஹானாவுக்கு ஒரு மாமியாரைத் தேடிப் பிடித்தாள். கெட்ட கோபக்காரி. நாள் முழுவதும் தண்ணீர் தூக்கச் சொல்கிறவள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மண்டி போடுவது நமக்குச் சரிப்படாது, கிண்ணிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த நாள் முடிவு செய்தாள். அங்கே எதையும் ஒரே தட்டில் கொட்ட மாட்டார்களாம். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணியில், பொம்மைச் சாப்பாடு போல வருமாம். வீட்டில் இருந்ததோ இரண்டே கிண்ணி. மலர்க்கொடி வீட்டில் மூன்று வாங்கினாள். அந்த மூன்றோடு ஒஹானாவின் பெயர் தெருவுக்குள் இறங்கிவிட்டது.

"இன்னாக்கா, சக்காளத்தி சௌக்கியமா?" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"வூட்டுக்கு எப்ப இட்டாறாராம் அண்ணன்? சொல்லுக்கா, ஆரத்தி கரைக்கணுமில்ல?" என்றாள் மலர்க்கொடி.

இன்னும் இரண்டு வீட்டில் வாங்கியும் கிண்ணி போதவில்லை. குங்குமச் சிமிழைக் கழுவி அதில் தயிர்ச்சோற்றை வைத்தாள். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. சோறு ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. கிண்ணிக்காரிகள் எல்லாரும் தங்கள் கிண்ணியைப் பார்க்கிற சாக்கில் வாசற்படியில் நின்றார்கள்.

வேலப்பன் சிமிழைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. கெங்கம்மா இன்னொரு கிண்ணியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நல்ல நாளு பெரிய நாளுன்னா அங்கியும் இப்படித்தான் சோத்த செவப்பா வெப்பாங்கோ," என்று வாசலைப் பார்த்துச் சொன்னான். "ஆனா ஒஹானா வெக்கற சோறு..."

கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. கெங்கம்மா தன் வீட்டில் நிற்க இடமில்லாமல் அடுப்படிக்குப் போனாள். அவன் ஒஹானாவின் கொண்டையிலிருந்து ஆரம்பித்துக் காலுறை வரைக்கும் சொன்னான். பெண்கள் "அப்படியா அண்ணே!" என்று கேட்டார்கள். அன்றுமுதல் சாயங்காலம் தவறாமல் ஆள் வந்தது. கேட்க ஆள் இருந்ததால் அவனுக்கு ஞாபகமும் அதிகமாக வந்தது.

சனிக்கிழமை கெங்கம்மா வழக்கம்போல மீன் குழம்பு வைத்தாள். சட்டியை இறக்குமுன் அவள் அதில் போடுகிற ஒரு சாமான் உண்டு. மலர்க்கொடி வந்து நின்றால்கூட முந்தானையால் மறைத்துத்தான் போடுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் போட்டாள். அன்று அதைப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. யாருக்காக இவ்வளவு ரகசியம்? சாப்பிடுகிறவன் இங்கே உட்கார்ந்து எங்கேயோ சாப்பிடுகிறான்.

மறுநாளுக்கு அவளிடம் ஒரே ஒரு வழிதான் பாக்கியிருந்தது. பச்சை மீன்.

அந்த ஊரில் மீனை அடுப்பில் ஏற்றவே மாட்டார்களாம். பூவிதழ் மாதிரி சீவி, அப்படியே வைப்பார்களாம். "வாய்ல வெச்சா கரைஞ்சிடும்," என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பான். ஞாயிறு காலையில் காசிமேட்டுக் கரைக்குப் போய், கட்டுமரத்திலிருந்து இறக்கின வஞ்சிரத்தை வாங்கினாள். மலர்க்கொடி வீட்டு அரிவாள்மணையை வாங்கித் தீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். துடைப்பத்தில் நல்லதாக இரண்டு ஈர்க்கு உருவிக் கழுவி, அந்த ஊரில் சாப்பிட வைக்கிற இரண்டு குச்சிக்குப் பதிலாகத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பூனை ஒன்று வந்து பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

மதார் சாகிப் வந்தார். பெருத்த உடம்பு, வெள்ளைத் தாடி. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

"நேராவே கேட்டுடறேன்மா. இவன இன்னொரு தபா இட்டுகினு போகணும். இவன் என்னடான்னா, ஒன்னக் கேக்கணும்னு இஸ்துகினே கீறான்."

"மொதல்ல சாப்புடுங்க சாயபு," என்றாள் கெங்கம்மா.

முதலாளிக்குப் பச்சை மீனை வைக்க முடியுமா? அவருக்குச் சோறும், நேற்று வைத்த குழம்பும். புருஷனுக்கு முன்னால் வஞ்சிரம், பூவாக.

வேலப்பன் தட்டைப் பார்த்தான். பிறகு பூனையைப் பார்த்தான்.

"இன்னாமே இது? வேகலியே!"

"வாய்ல வெச்சா கரைஞ்சிடும்."

"எனக்கும் ரவையூண்டு கொழம்பு..."

"அது சாயபுக்கு. ஒனக்குப் புடிச்சது ஒனக்கு. துன்னுய்யா."

ஈர்க்கு இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துழைக்கவில்லை. கடைசியில் கையால் எடுத்து ஒரு துண்டை வாயில் போட்டான். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியபடி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கெங்கம்மா அந்த முகத்தைத்தான் பார்த்தாள். அவளை நினைத்துத்தான் கண் கலங்குகிறானா?

அப்போது சாகிப் குழம்பைச் சோற்றில் பிசைந்து முதல் வாய் வைத்தார். கை நடுவழியில் நின்றது. தட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார்.

"யா அல்லா! இதானா அது?"

"எது சாயபு?"

சாகிப் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கியது, தாடி குலுங்கியது. வேலப்பன் வாய் திறக்க முடியாமல், வேண்டாம் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினான்.

"ஒனக்குத் தெரியாதாம்மா? கோபேல இவன் உக்காந்த பந்தியெல்லாம் இந்தக் கொழம்புப் பேச்சுதான்! அந்தப் பொண்ணு ஒஹானா, பாவம், மண்டி போட்டுகினு ஒவ்வொரு கிண்ணியா வெக்கும். இவன் ஒவ்வொண்ணா துன்னுட்டு, 'நல்லாத்தான் கீது, ஆனா எங்க கெங்கம்மா வெக்கற மாதிரி வராது'ம்பான். கூட ஒரு பம்பாய்க் கடைக்காரரு துபாஷி. அவரு அத்த அப்படியே அந்தப் பாஷையில சொல்லிப்புடுவாரு. அப்பால ரூமுக்கு வந்து என்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு."

கெங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கெங்கம்மா எப்படி நடப்பா, கெங்கம்மா எப்படி மீன ஆய்வா, எல்லாம் அந்தப் பொண்ணுக்கு அத்துப்படி. கடைசியா ஒரு நாளு துபாஷியோட என்கிட்டியே வந்து, என் மூட்டையிலேர்ந்து புளியும் மொளகாயும் கேட்டு வாங்கினு போச்சு. இவன் வாயால சொன்னத வெச்சிகினு, அதுவே மீன் கொழம்பு வெச்சுதும்மா! கெளம்பற அன்னிக்கிக் கொண்டாந்து வெச்சா, இந்தப் பாவி ஒரு வாய் துன்னுட்டு இன்னா சொன்னான் தெரியுமா?"

கெங்கம்மாவுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

"அப்பதான் அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிச்சு," என்றார் சாகிப்.

வேலப்பன் எழுந்து கொல்லைப்புறம் ஓடினான். பூனையும் நம்பிக்கையோடு பின்னால் ஓடியது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, காகிதக் கதவுக்குப் பின்னால், கையில் தொங்குகிற சட்டைத் துணியை மடித்துக்கொண்டு புளி கரைக்கிறாள். பழக்கமில்லாத விரல்களில் சக்கை ஒட்டிக்கொள்கிறது. மிளகாய்க் காரத்தில் இருமுகிறாள். கண்ணால் காணாத ஒரு கெங்கம்மாவின் கழுத்து எப்படி இருக்கும் என்று யோசிக்கிறாள். ஒருவேளை எனக்கும் ஒரு கெட்ட மாமியாரைத் தேடிக் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது கெங்கம்மாவுக்கு. சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. ஒரு வாரமாக வலித்த முழங்கால் அந்த நிமிஷம் வலிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கப்பலடிக்கு வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சும்மா," என்றார் சாகிப், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த தபா வரும்போது ஒன்கிட்ட மறக்காம விசாரிச்சினு வரணுமாம். 'அந்த கெங்கம்மா அதுல இன்னா போடறா?'ன்னு. நானும் வாக்குக் குடுத்துட்டேன். சொல்லு தாயி, இன்னா போடறே?"

கெங்கம்மா வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. கொல்லையில் வேலப்பன் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அவள் சட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"அவர வேணும்னா இட்டுகினு போங்க சாயபு," என்றாள் தணிந்த குரலில். "அத்த மட்டும் கேக்காதீங்க."