அலை ஆய்வுக் கூட்டம்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மிக நிதானமானது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லிவிடலாம். தண்ணீர் பம்பு விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்கு வேலையாகப் போன ஆய்வதிகாரி, மத்தியானம் கடலில் அலை வருமா, வருமென்றால் போகலாமா என்று எடுத்தாரே, அந்த முடிவுதான். அரசர்கள் இதைவிட அவசரமாகப் போர் தொடுத்திருக்கிறார்கள். நாமெல்லாம் கல்யாணத்துக்கே இதில் பாதி யோசித்ததில்லை.

ஆய்வதிகாரிக்கு அங்கே இன்னொரு சின்ன வேலையும் இருந்தது. அந்தக் கிளையை நடத்துவதா, இழுத்து மூடுவதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் தலைமை அலுவலகம் அவரை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தது.

கிளை என்றால் மூன்று பேர்: மேனேஜரம்மா, கணக்காளர், மெக்கானிக். மூடினால் வேலை மட்டுமல்ல, அந்த நாட்டில் தங்கும் உரிமையும் கூடவே போய்விடும். மெக்கானிக்கின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருஷம். "மேடம், பாப்பா பரீட்சை முடியற வரைக்குமாவது இழுத்துப் பிடிச்சிடுங்க" என்று அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "பாத்துக்கறேண்ணே" என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

ஆய்வதிகாரி வந்து இறங்கியபோது அவரைவிட நீளமான ஒரு பை கூடவே இறங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்த கணக்காளருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்து, புதுசு கேட்டுக் கேட்டு அவர் ஓய்ந்துபோயிருந்தார்.

"மேடம், போர்டு கொண்டாந்திருக்காரு! மூடப் போற ஆபீசுக்கு யாராவது புது போர்டு தூக்கிட்டு வருவாங்களா?"

கூட்ட அறையில் அதிகாரி பையைப் பிரித்தார். உள்ளே வழவழவென்று ஒரு நீலப் பலகை. அதில் ஒரு டால்பின் துள்ளிக்கொண்டிருந்தது.

"பேரு அப்புறமா எழுதிக்குவாங்க போல" என்று கணக்காளர் மேனேஜரம்மாவின் காதில் கிசுகிசுத்தார்.

அது அலைச்சறுக்குப் பலகை. ரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். ஊரே நடக்கிறது, நாமும் நடந்தால் என்ன தனித்துவம் என்று அதிகாரி அலையில் ஏறிவிட்டார். ஒரு தும்மல் போடும் நேரம் பலகை மேல் நின்றும் இருக்கிறார். மச்சினன் எடுத்த அந்தப் படம்தான் அவர் செல்போனின் முகப்பு.

மேனேஜரம்மா வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்ததைத் திரையில் போட்டாள். ‘நமது கிளையின் வளர்ச்சி’ என்று தலைப்பு வந்ததுமே அதிகாரி கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம்மா. இதைவிட அவசரமான விஷயம் ஒண்ணு இருக்கு. மத்தியானம் அலை ‘வரலாம்’னு வானிலை அறிக்கையில போட்டிருக்கான். ‘வரும்’னு போடலை. ‘வராது’ன்னும் போடலை."

"ஆமா சார்."

"இந்த ‘லாம்’லதாம்மா சிக்கலே."

மேனேஜரம்மா ஒரு கணம் திரையைப் பார்த்தாள், ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் மனம் குளிர்ந்தால் கிளை பிழைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒப்புக்கொள்ள வேண்டும், அது அவளுடைய முடிவுதான். கம்ப்யூட்டரை மூடி வைத்தாள்.

"நாங்க எல்லாரும் உதவி பண்றோம் சார். சேர்ந்தே யோசிக்கலாம்."

"அதுதாம்மா டீம்!"

அலை ஆய்வுக் கூட்டம் முறைப்படி தொடங்கியது. வெள்ளைப் பலகையில் அன்றைக்குப் பழுதுபார்க்க வேண்டிய இடங்கள் எழுதியிருந்தன. கணக்காளர் அவற்றை அழித்துவிட்டு நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘போகலாம்’ என்றும் மறுபக்கம் ‘வேண்டாம்’ என்றும் எழுதினார். ‘போகலாம்’ பக்கம் ‘வாழ்நாள் வாய்ப்பு’ ஏறியது. ‘வேண்டாம்’ பக்கம் ‘சளி’ ஏறியது. இரண்டுக்கும் சம எடை கொடுப்பதா என்பதில் நெடிய விவாதம் நடந்தது.

நடுவே வெளியறையில் தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"அந்த போனை யாராவது நிறுத்துங்கப்பா. யோசனை அறுந்து அறுந்து போகுது."

கணக்காளர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

அப்போது மெக்கானிக் கருவிப் பையோடு வாசலில் எட்டிப் பார்த்தார். "மேடம், அந்தத் துணி துவைக்கிற கம்பெனியில பம்பு நின்னு போச்சாம். செல்லுல கூப்பிடறாங்க. கிளம்பட்டுமா?"

"நின்ன பம்பு எங்கய்யா ஓடிடப் போகுது? அங்கயேதான் நிக்கும்" என்றார் அதிகாரி. "அலை அப்படியா? நீங்க நேராக் கடற்கரைக்குப் போய் நிலவரம் சொல்லுங்க."

"எனக்கு அலையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே சார்."

"அதுவும் தண்ணிதானய்யா!"

மெக்கானிக் மேனேஜரம்மாவைப் பார்த்தார். அவள், "போயிட்டு வாங்கண்ணே" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

கடற்கரையிலிருந்து முதல் ‘அறிக்கை’ செல்போனில் வந்தபோது அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வருது சார்... வருது... இல்ல சார், போயிடுச்சு."

"எவ்வளவு உயரம் இருந்தது?"

"முட்டி வரைக்கும் சார்."

"யார் முட்டி?"

"என் முட்டிதான் சார். வேற யாரும் இங்க இல்ல."

"அவர் உயரமா, குள்ளமா?" என்று அதிகாரி கணக்காளரைக் கேட்டார். இப்பேர்ப்பட்ட நுணுக்கம் எத்தனை பேருக்கு வரும்?

அத்தோடு விடாமல் குடும்பத்தின் கருத்தும் கேட்கப்பட்டது. "விட்டுடாதீங்க மாமா, அப்புறம் காலத்துக்கும் வருத்தப்படுவீங்க" என்றான் மச்சினன். "போறதுன்னா போங்க, இல்லாட்டி பேசாம இருங்க" என்றாள் மனைவி. "போன தடவை மூக்குல தண்ணி ஏறி ஒரு வாரம் ஆவி பிடிச்சீங்களே, நான்தானே வெந்நீர் போட்டேன்? என்னை எதுக்குங்க இப்ப கேக்கறீங்க?" இரண்டு கருத்துகளும் உரிய கட்டங்களில் பதிவு செய்யப்பட்டன.

சாப்பாட்டு நேரமும் கடந்த பிறகு ‘ஒருமனதாக’ முடிவு எட்டப்பட்டது. அதாவது, கடற்கரைக்குப் போய், அங்கே வைத்து முடிவெடுப்பது என்று முடிவு.

மேனேஜரம்மாவின் சின்னக் காரில் பலகையின் வால் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தால் கடல் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. அதிகாரி ரப்பர் உடுப்புக்குள் மூச்சுமுட்ட நுழைந்து, மணலில் பலகையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். மெக்கானிக் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார். திரும்பி வா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. அலை வரவில்லை. ஆனால் அதிகாரியின் முகத்தில் வருத்தம் இல்லை.

"உங்க டீம் பிரமாதம்மா. இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் எங்கயும் பாத்ததில்ல."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதுதான் நேரம் என்று கேட்டுவிட்டாள். "சார், எங்க கிளை விஷயம்..."

"அட, மறந்தே போயிட்டேன்! நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க."

அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, செல்போனை வாயருகே வைத்து அங்கேயே சொல்ல ஆரம்பித்தார். பேசியது அப்படியே எழுத்தாக ஓடியது.

"நேரில் ஆய்வு செய்ததில் கண்டவை. அலுவலக நேரத்தில் வாடிக்கையாளர் அழைத்தால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. பழுதுபார்க்கும் பணிகள் அப்படியே நிற்கின்றன. மெக்கானிக் பணியிடத்தில் இல்லை, கடற்கரையில் காணப்பட்டார். ஊழியர்கள் வேலை நேரம் முழுவதையும் அலை பற்றிய அரட்டையில் கழிக்கின்றனர். எனவே கிளையை மூடலாம்."

இந்த ‘லாம்’இல் அவருக்கு எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. சொல்லி முடித்த கையோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டார்.

மேனேஜரம்மா அந்தச் செல்போனைக் காட்டிக் கேட்டாள். "சார், போனை நிறுத்தச் சொன்னதே நீங்கதானே? அண்ணனை இங்க அனுப்பினதும் நீங்கதானே?"

"நான் சொன்னேன்னா நீங்க மறுத்திருக்கணும்மா. அதைத்தானே நிர்வாகத் திறமைங்கறோம். கண்ணால பாத்ததைத்தான் நான் எழுத முடியும். மனசுல வச்சுக்காதீங்க."

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. கம்ப்யூட்டரை மூடியது அவள் கைதானே. தண்ணீரில் நிற்கும் மெக்கானிக்கின் முதுகைப் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு நாள்கூட முழுசாப் பாக்கலையே சார். அண்ணன் பொண்ணுக்குப் பரீட்சை வருது. இன்னும் ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதா?"

"ரெண்டு நாள் இருக்கத்தாம்மா போறேன். டிக்கெட்டைத் தள்ளிப்போட ஏற்கெனவே சொல்லியாச்சு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, "சார், ஏதோ வர்ற மாதிரி இருக்கு!" என்று மெக்கானிக் கடலுக்குள்ளிருந்து கத்தினார். ஒன்றும் வரவில்லை. அதிகாரி அந்தத் தட்டைத் தண்ணீரை வெகுநேரம் பரிவோடு பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் அலை வரலைங்கறதுக்காக, இந்தக் கடலே உதவாதுன்னு எழுதிட முடியுமா? பாவம்மா. அதுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும் இல்ல?"