இடதுகால் அண்ணனும் பிரியாத கிளச்சும்

பினாங்கில் மோட்டார் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருடைய இடது பாதத்தையும் உன்னிப்பாகப் பார்த்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். கட்டிய மனைவிகூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள்.

சூலியா தெருவில் என் முதலாளியின் துணிக்கடைக்குப் பின்னால் முதலாளிக்கே சொந்தமான ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அவர் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கிளச்சில் கோளாறு என்று ஒரு வண்டி வந்து நின்றால் மூடியைத் திறக்க மாட்டார், அடியில் குனிய மாட்டார். ஓட்டி வந்தவரை மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார வைப்பார்.

"வண்டி எங்க ஓடிறப்போவுது. மொதல்ல எடது காலக் காட்டுங்க."

இடதுகால் அண்ணன் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

அதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. அந்தப் பழைய வண்டிகளில் இடது மிதியை அமுக்கினால் எஞ்சின் வேறு, சக்கரம் வேறு என்று பிரிய வேண்டும். பிரியாவிட்டால் கியர் மாற்றும்போது இரும்பு நறநறவென்று பல்லைக் கடிக்கும். சிலர் மிதிமேல் வைத்த காலை எடுக்காமலே ஓட்டுவார்கள். அவர்கள் வண்டியில் பிரித்துவிடுகிற வளையம் தேய்ந்துகொண்டே வரும். ஒரு நாள் தரைவரைக்கும் அமுக்கினாலும் பிரியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெருவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு இருக்கும் என்பது அண்ணனின் சாஸ்திரம்.

கடலுக்கு அக்கரையிலிருந்து படகில் வண்டியை ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் வந்தார். அவரையும் பூட்ஸைக் கழற்ற வைத்தார் அண்ணன். அந்தச் சிவந்த பாதத்தை வைரம் பார்க்கிறவர் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட வந்த தோட்டத்துக் கணக்கர், கிராணியிடம் சொன்னார்: "தொரைகிட்ட சொல்லுங்க, இந்தக் கால் மிதிமேல படுத்துத் தூங்குது."

கிராணிக்கு வேர்த்துவிட்டது. வண்டிக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம் என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். துரைக்கு ஏக சந்தோஷம். வளையத்தை மாற்றிக்கொண்டு போனார். காலை மாற்றவில்லை, ஆகவே மூன்று மாதத்தில் திரும்பி வந்தார்.

தோல் போர்த்திய கிளச்சு காய்ந்து போய்க் கவ்விக்கொண்டால் அதற்கு விளக்கெண்ணெய். ஊற்றிவிட்டு, மிதி மேலே வராதபடி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து மறுநாள்வரை ஊற வைப்பார். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவர் புட்டியை மோந்து பார்த்துவிட்டு, இது வயிற்றுக்குக் குடிக்கிறதாயிற்றே என்று மலாயில் கேட்டார்.

"வண்டிக்கும் வயித்துலதான் கோளாறு லா," என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

நான் அந்தத் துணிக்கடை முதலாளியின் டிரைவர். என் காலையும் பார்த்தார்.

"தம்பி, இது காலில்ல, கருங்கல்லு. வச்சா வச்ச எடம்."

ஒவ்வொரு தடவையும் கம்பியை முறுக்கிச் சரி செய்து கொடுப்பார். மூன்றாவது தடவை முறுக்கிவிட்டுச் சொன்னார்: "இதுக்குமேல முறுக்கக் கம்பில எடமில்ல. வளையத்த மாத்தணும். முதலாளிகிட்ட சொல்லிப்புடு."

"சொல்றேண்ணே," என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் ஏன் தேய்ந்தது என்று கேட்பார். எனக்கு முன்னால் இருந்த டிரைவரை இதே கிளச்சுக்காகத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம்.

அடுத்த வாரம் தைப்பூசம். பின்னால் முதலாளியும் முதலாளியம்மாவும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் காவடிகளுக்கும் உருமிச் சத்தத்துக்கும் நடுவில் வண்டி எறும்பு மாதிரி நகர்ந்தது. அத்தனை தூரமும் என் கால் மிதிமேலேயே கிடந்தது. ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் கூட்டம் நின்றது. நான் தரைவரைக்கும் அமுக்கினேன். பிரியவில்லை. தனக்கும் ஏதோ வேண்டுதல் இருப்பதுபோல் வண்டி சாவகாசமாகப் பந்தலுக்குள் நடந்து போனது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்துவதற்குள் மேடையிலிருந்த மோர்ப்பானை திறந்த வண்டிக்குள் கவிழ்ந்து முதலாளியம்மாவின் பட்டுப் புடவைக்கு அபிஷேகம் ஆகிவிட்டது. பால்குடத்தோடு நின்ற ஒருவர் ஒரு முழம் விலகியதால் தப்பித்தார்.

மறுநாள் காலை வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"யாரு தப்பு? எவன் தப்போ, அவன் நாளைலேர்ந்து என் எடத்துல இருக்கக் கூடாது."

கேள்வி முடிவதற்கு முன்பே என் வாய் திறந்துகொண்டது.

"போன வாரந்தான் அண்ணன் முறுக்கிக் குடுத்தாரு, முதலாளி."

அண்ணன் வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் கழித்து வளையத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். பழைய வெள்ளி மோதிரம் மாதிரி தேய்ந்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். கடைப் பையன்கள், எதிர்ச்சாரி வியாபாரிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். துரையையே விடாத வாய், இன்றைக்கு டிரைவருக்கு என்ன அர்ச்சனை காத்திருக்கிறதோ என்று எல்லா முகத்திலும் ஆசை.

கைலியில் வளையத்தைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "நான் முறுக்குனது சரியில்ல, முதலாளி."

முதலாளி விடுவாரா. "ஊர்க்காலையெல்லாம் புடிச்சுப் பாத்தியே, ஒன் கையப் பாக்க மறந்துட்டியாப்பா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பொய் சொன்னதற்குப் பயம் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். சிரித்ததற்கு என்ன காரணம் சொல்வது? இத்தனை வருஷம் தேடியும் அகப்படவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கிருந்தோ ஒரு புது வளையம் கொண்டு வந்து அவரே பொருத்தினார். சாமான் பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றினார். நான் தூணோடு தூணாக நின்றேன்.

"புதுசு போட்டிருக்கேன். பொஞ்சாதியக் கேட்டேன்னு சொல்லு," என்றார். அவ்வளவுதான். ரிக்‌ஷா படகுத்துறைப் பக்கம் திரும்பியது.

நாலு மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அக்கரைக்குப் படகேறினேன். புக்கிட் தெங்காவில் ஒரு லாரிக் கொட்டகையில் இருக்கிறார் என்று கேள்வி. போனேன். அங்கே இருந்தவர், "அவரா? போன மாசமே வடக்கே போயிட்டாருங்க. எந்த ஊருன்னு சொல்லல. இங்க இருந்த லாரிக்காரனுவ காலையெல்லாம் கழுவ வச்சுட்டுத்தான் போனாரு," என்றார். திரும்பி வந்த படகில் கடல் ஒரு மடிப்பும் இல்லாமல் கிடந்தது. யார் மேலாவது அலை வந்து அடித்தால் தேவலை என்று இருந்தது.

அந்த முதலாளியிடம் மேலும் ஒன்பது வருஷம் வண்டி ஓட்டினேன். நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்தேன். அவர் கண்ணை மூடுகிறவரை சொல்லவில்லை. இனி யாரிடம் சொல்வது?

வருஷா வருஷம் தைப்பூசம் கழிந்து கூட்டம் கலைந்த பிறகு தண்ணீர்மலைக்கு நடந்தே போகிறேன். தேங்காய் பழத் தட்டை நீட்டுகிறேன்.

"யார் பேருக்கு?" என்கிறார் குருக்கள்.

"எங்க அண்ணன் பேருக்கு."

"பேரைச் சொல்லுங்கோ."

எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அவர் முன்னால் காலை நீட்டியிருக்கிறேன், அவர் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் வைத்த பட்டப்பெயரைச் சாமி முன்னால் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். என் பெயரையே சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். திருநீற்றில் பாதியைப் பூசிக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன், வழியில் எங்காவது அவர் எதிரே வந்தால் கொடுக்கலாம் என்று.