மஞ்சள் துணி முடிச்சு

"அவுக்கக் கூடாது சார். சாமிக்கு முடிஞ்சது" என்றாள் கௌரியம்மாள்.

டியூட்டர் பரந்தாமனுக்கு அழுகை வராத குறை. சாமி படத்தடியில் மஞ்சள் துணியில் முடிந்து கிடந்தது அவள் மகன் கங்காதரனின் பரீட்சைக் கட்டணம், இருபத்தைந்து ரூபாய். மூன்று நாளில் கட்டாவிட்டால் பையனுக்கு ஒரு வருஷம் போச்சு. அப்படி முடியச் சொன்ன மகானுபாவரும் பரந்தாமனேதான்.

பட்டணத்துக் காலேஜுக்கு அவரோடு தினம் ரயிலில் போகும் திருத்தணிப் பிள்ளைகள் ஐந்து பேர். கைக்கடிகாரத்தைக் கழற்றி ரயில் பலகை மேல் வைத்து, ஐம்பது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் ஓய்வு என்று பழக்கினார். ஓய்வை நன்றாகப் பழகிக்கொண்டார்கள். கையில் காசு தங்க வழி கேட்டபோது, "முருகன் பேர்ல மஞ்சத் துணியில முடிஞ்சு வைங்கப்பா, கை வைக்கவே பயமா இருக்கும்" என்றார்.

நால்வரின் பணம் அரக்கோணம் பிளாட்பார வடையில் கரைந்தது. வீட்டில் உதையும் மறுபடி பணமும் வாங்கிக் கட்டிவிட்டார்கள். முடிச்சு போட்டவன் கங்காதரன் ஒருவன்தான். பதினான்கு வருஷ உத்தியோகத்தில் அவர் சொன்னதைக் கேட்ட ஒரே பிள்ளை. அவனுக்கா இந்தக் கதி?

"அது வேண்டுதல் இல்லேம்மா. செலவாகாம இருக்க நான் சொன்ன உபாயம்."

"அப்போ சாமி பேரை வச்சிகினு பொய் சொன்னீங்களா? காலேஜுல இதான் சொல்லித் தர்றீங்களா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது பொய்யர் என்ற பேரும் வந்தது. கங்காதரன் தலை குனிந்து நின்றான்.

"சரிம்மா, முருகனையே கேட்டுடலாம். நாளைக்கு மலையில பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்பு. வெள்ளை வந்தா அவுக்கலாம். சிவப்பு வந்தா உண்டியல்ல போட்டுடலாம்."

"ஆங், சாமி சொன்னா சரிங்க."

அன்று சாயங்காலம் மலையடிவாரத்துப் பூக்கடையில் பரந்தாமன் அலரிப்பூ வாங்கினார்.

"ரெண்டுமே வெள்ளையா சார்?" என்றாள் பூக்காரி பூவம்மாள்.

"ஆமாம்மா" என்று அவள் முகத்தைப் பாராமல் காசைக் கொடுத்துவிட்டு, அவள் தந்த தாமரை இலையில் இரண்டு பொட்டலமாகத் தம் கையாலேயே கட்டினார். முருகனிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்காகத்தானே!

காலையில் படிக்கட்டைப் பார்த்ததுமே அவருக்கு முழங்கால் கெஞ்சியது.

"குடுங்க சார், நான் எடுத்துகினு போறேன்" என்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டு கங்காதரன் முன்னால் விறுவிறுவென்று ஏறினான். இந்த மரியாதை வேறு எவனுக்கு வரும்?

அர்ச்சகர் பொட்டலங்களைச் சாமி பாதத்தில் வைத்தார். தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள்.

செக்கச் சிவந்த அலரி.

பரந்தாமன் இலையைப் புரட்டிப் பார்த்தார். தம் கையால் கட்டியவை, இரண்டும் வெள்ளை! முருகனிடமே விளையாடிவிட்டோமே என்று பயந்துபோனார். மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கத் துணிவில்லை.

கௌரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிச்சை உண்டியலில் போட்டாள். அப்புறம் கண் கலங்கினாள். "பரீட்சைக்கு இன்னா பண்றது சார்?"

"நான் கட்டுறேம்மா. தப்பு என்னுது."

மாதக் கடைசி. கைக்கடிகாரத்தை அரக்கோணத்தில் பழைய கடிகாரம் வாங்கும் சர்தார் கடையில் விற்றுக் கட்டணத்தைக் கட்டினார். அதோடு மனசு ஆறவில்லை. அடுத்த கிருத்திகைக்கு மலையேறி மொட்டையும் போட்டுக்கொண்டார்.

சந்தனம் பூசிய தலையோடு, களைத்துப்போய் இறங்கி வந்தவரைப் பூவம்மாள் கூப்பிட்டாள்.

"அன்னிக்குப் பூக்கட்டிப் பார்த்தீங்களே, இன்னா வந்துச்சி சார்?"

"சிவப்பு" என்றார் பரந்தாமன், கண்ணை மூடி, பக்தியோடு.

"பின்ன வேற இன்னா வரும்? நீங்க அப்படிப் போனதும் அந்தக் கங்காதரன் ஓடியாந்து, 'முடிச்சில இருக்கிற கூழாங்கல்லு வெளிய வந்தா அம்மா கொன்னுடும்'னு சொல்லி ரெண்டு செவப்பும் அதே மாதிரி இலையும் வாங்கினு போச்சே!"