அண்ணன் பேச்சைக் கேட்டு மெஷினைக் கழற்றி வைத்த ஞாயிற்றுக்கிழமை

மரக்காணம்
1-9-2005

அம்பத்தூரில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் மாயவன் அவர்களுக்கு, தங்கை கொளஞ்சியம்மாள் பணிவோடு எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரர், மகள் பூவிழி, ஆடு மூன்று, எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே அண்ணியின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்தோடு போதும் அண்ணா, இதற்கு மேல் என்னால் அடக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை பூவிழியைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்தக் கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

நீ போன் பண்ணி வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாய்? "கொளஞ்சியோட காது மெஷினைக் கழட்டி ஒளிச்சு வைங்க, செவிட்டு வீடுன்னு ஓடிடப் போறாங்க" என்றாயாமே. தாய்மாமன் சொல்லிவிட்டார் என்று அவரும் அதையே பிடித்துக்கொண்டார். உப்பு அரைக்கிற மில்லில், அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பதினாலு வருஷம் உட்கார்ந்து மூட்டை தைத்ததில் போன காது இது. நான் என்ன திருடினேனா, ஒளித்து வைக்க? இலவச மருத்துவ முகாமில் இந்த மெஷின் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஜாக்கெட்டில் குத்திக்கொள்ள ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டு உப்பளத்தில் நடந்தால் காலடியில் உப்பு நறநற என்கிறது, என் வளையல் எனக்கே கேட்கிறது, பூவிழி துணி துவைக்கும்போது பாடுவாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்! கடல் காற்று வேகமாக அடித்தால் உள்ளே லாரி ஓடுகிற மாதிரி இருக்கும், அதற்குப் பெட்டியின் மேல் கைக்குட்டையைச் சுற்றிவிடுவேன். உப்பு ஈரம் சேராமல் இருக்க வேலை முடிந்ததும் துடைத்து, அரிசி போட்ட டப்பாவில் மூடி வைப்பேன். உன்னைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் என்ன செய்ய, போன வருஷம் பெண் கேட்டு வந்தவர்கள் நான் கையைக் காதில் குவித்ததைப் பார்த்துவிட்டுப் பாதி பஜ்ஜியோடு எழுந்து போனவர்கள்தானே. இந்தப் பையன் கார்த்திகேசனின் போட்டோ வந்ததிலிருந்து பூவிழி கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள். என்னால் இதுவும் கெட்டுப்போனால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன்.

கீழ்புத்துப்பட்டிலிருந்து பையன், அவன் அப்பா, அம்மா சின்னப்பாப்பா, மூன்று பேரும் வந்தார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார, அந்த அம்மா நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது பார், நிறுத்தவே இல்லை! நான் தலையாட்டினேன். அவர் சிரித்தால் நான் சிரித்தேன். நடுவில் நான் ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன், அவரும் தலையாட்டினார். நான் பேசும்போது என் வாயையே பார்க்கிறார், அடேயப்பா என்ன மரியாதை என்று உருகிப்போனேன். இப்படிக் கால் மணி நேரம். என்ன பேசினோம் என்று அந்த ஐயனாருக்குத்தான் வெளிச்சம்.

பையனின் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "பாருங்க, பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க! கல்யாணம் உங்க ஊர்லயா எங்க ஊர்லயா, என்ன முடிவு பண்ணீங்க, நீங்களே சொல்லிடுங்க" என்றாராம். பூவிழி பிறகு சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லோரும் திடீரென்று எங்களையே பார்க்கிறார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து பலமாகச் சிரித்தோம். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

போதும்டா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. எழுந்து போய் டப்பாவைத் திறந்து, அரிசியைத் தட்டிவிட்டு, அத்தனை பேர் எதிரிலும் மெஷினை மாட்டினேன். "இந்த அண்ணி பேசினதுல ஒரு வார்த்தை எனக்குக் கேக்கலைங்க. என் காது மந்தம். இதை மாட்டினா நல்லா கேக்கும். மாட்டாம உக்காந்தது என் தப்புங்க" என்று காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். பையனின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் 'ணங்' என்று கேட்டது. கதவோரம் நின்ற பூவிழியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சின்னப்பாப்பா அண்ணி கையை நீட்டி என் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். தெருவுக்கே கேட்கிற குரலில், "இதை மாட்டினா கேக்குமா? எனக்கும் மூணு வருசமா கேக்கலம்மா" என்றார். அண்ணா, அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது! கார்த்திகேசன் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் கூப்பிட்டா நீ திரும்பவே மாட்ட. என் மேல கோவம்னு நெனச்சு நான் பேசறதையே கொறைச்சுட்டேனேம்மா" என்று அழுகிறான். அவன் சொல்வது அம்மாவுக்கு எங்கே கேட்கிறது? நான்தான் மெஷினைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். அளவு சேராமல் கீச்சென்று கத்தியது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பூவிழி ஓடி வந்து முழுத் தொண்டையில், "அத்தை, கேக்குதா?" என்றாள். அண்ணி துள்ளிவிட்டார். "ஏன்டி கத்தற? பக்கத்துலதான இருக்கேன்!" என்றாராம்.

'டி' போட்டுவிட்டார் அண்ணா! அதைவிட வேறு சம்மதம் வேண்டுமா? கூடத்தில் இருந்த ஆண்கள் அங்கேயே பஞ்சாங்கத்தைப் புரட்டித் தை பத்து என்று நாள் வைத்து, மரக்காணத்திலேயே கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். நீ இப்போதே லீவு சொல்லி வை. இனி மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் தாய்மாமன் என்றுகூடப் பார்க்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அங்கே நம் அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஐயனார் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
காதில் மெஷினோடு,
கொளஞ்சியம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், சின்னப்பாப்பா அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பையன் பாண்டிச்சேரியில் வாங்கிக் கொடுத்த புது மெஷின் காதில். தை பத்து என்றதும், "எந்தத் தை பத்து? யாரு சொன்னா?" என்கிறார். ஆண்கள் நாள் வைத்தபோது என் மெஷின் என் காதுக்குத் திரும்பி வந்துவிட்டதே, அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆகவே தேதி, ஊர் என்று மேலே எழுதிய எதையும் நம்பாதே. வருகிற ஞாயிறு பஜ்ஜியிலிருந்து எல்லாம் மறுபடியும் ஆரம்பம், நீயும் வந்து சேர். சின்னப்பாப்பா அண்ணி விடவில்லை அண்ணா. "என் புள்ளைக்குக் கல்யாணம் பேசறதை நான் என் காதால கேக்க வேணாமா கொளஞ்சி?" என்று கேட்டுவிட்டார்.